ஹோலில் காய்ந்த சேலைகள்

விடிய ஐந்தரைக்குச் சுப்ரபாதம் போடுவது அப்பா காலத்திலிருந்தே எங்கள் வீட்டு வழக்கம். எம்.எஸ். சுப்புலட்சுமியின் குரலில் 1963 இல் இசைத்தட்டாக வந்த அந்தப் பதிவை எத்தனை ஆயிரம் தடவை கேட்டிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. கொட்டாஞ்சேனை வீட்டில் அது பிளேன்டீ வாசத்தோடு கலந்து வரும். போன வருடம் வெள்ளவத்தைத் தொடர்மாடி வீட்டில், புது அம்பிளிபயரில், புது ஸ்பீக்கர்களில் அதே பதிவை முதல் தடவை போட்டபோது எனக்குப் பல் கூசியது. ‘ஸ’ வந்த இடமெல்லாம் தகரத்தில் ஆணியால் கீறுவது போல இருந்தது. அந்தத் தோத்திரத்தில் ‘ஸ’ இல்லாத வரியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு நிறுத்திவிட்டுப் பல்கனியில் போய் நின்றேன்.

ஸ்பீக்கர்களைத் தந்தவன் என் மகன். ரொறன்ரோவில் இருக்கிறான். என் அறுபதாவது பிறந்தநாளுக்கு வந்தபோது இரண்டையும் உடுப்புகளுக்கு நடுவே சுற்றி, ஒரு கீறல் படாமல் கொண்டுவந்தான். கனடாவில் மின்சாரம் 120 வோல்ற், எங்களுக்கு 230. ஆகையால் அம்பிளிபயரை மட்டும் இங்கேயே வாங்கினான். வெறும் ஸ்பீக்கர் பெட்டிக்கு எந்த நாடு என்ற பேதமில்லை. திரும்பிப் போன இரவே போன் எடுத்தான்.

“அம்மா, பாட்டு எப்பிடி இருக்கு?”

“நல்லா இருக்கு ராசா.”

பிள்ளையிடம் சொன்ன அந்தப் பொய் கனநாள் எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. வெளிநாட்டுப் பிள்ளைகள் வாங்கித் தந்த நல்ல நல்ல செட்டுகள் துணி போர்த்தபடி மூலையில் இருக்கும் வீடுகள் எனக்கு நாலைந்து தெரியும். “சத்தம் சரியில்லை, பழசுதான் நல்லம்” என்பார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். என் வீட்டுக் கரகரப்பின் காரணம் பிடிபட எனக்கு ஐந்து மாதம் சென்றது. உங்களுக்கு ஒரு சனி ஞாயிறு போதும்.

பழைய செட்டின் கதையைச் சொன்னால்தான் இது விளங்கும். எழுபதுகளின் முற்பாதியில் இறக்குமதி இறுக்கம். எங்களிடம் ஒரு வால்வு வானொலிப் பெட்டி மட்டுந்தான். 1977 இல் திறந்த பொருளாதாரம் வந்ததும் புறக்கோட்டையில் யப்பான் சாமான்கள் குவிந்தன. அடுத்த வருடம் அப்பா முதலாம் குறுக்குத் தெருவில் ஒரு அம்பிளிபயரும், கசற் பெட்டியும், கடதாசிக் கூம்பு போட்ட எட்டு அங்குல ஸ்பீக்கர் இரண்டும் வாங்கி கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதி வீட்டுக்குக் கொண்டுவந்தார். 1983 யூலைக் கலவரத்தில் அந்த வீட்டில் இருந்ததெல்லாம் போனது. செட் மட்டும் மிஞ்சியது. அடுத்த ஒழுங்கையில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்த நானா முதல் நாள் இரவே அதைத் தூக்கிப்போய், திருத்த வந்த மற்றப் பெட்டிகளுக்கு நடுவில் வைத்து ஒளித்துவிட்டார். ஒன்றரை மாதத்துக்குப் பிறகு, துடைத்து, புதுப் பியூஸ் போட்டுத் திருப்பித் தந்தார். அப்பா அவருக்குக் காசு கொடுக்க முயன்றதும், அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றதும் இப்போதும் கண்ணுக்குள் இருக்கிறது.

அந்தச் செட்தான் பின்னர் எங்களோடு வெள்ளவத்தைக்கு வந்தது. 2022 இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் கிடந்த அந்த மாதங்களில், போய்ப் போய் வந்த மின்சாரத்தைத் தாங்க மாட்டாமல் ஒரு நாள் ஊமையானது. நாற்பத்து நாலு வருடம் உழைத்த சாமான்.

கவனியுங்கள், இதே வெள்ளவத்தை வீட்டில் அந்தப் பழைய செட் ஒரு நாளும் காதைக் குத்தவில்லை. வீடும் அதே, பாட்டும் அதே, ஆளும் நானே. மாறியது ஸ்பீக்கரும் அம்பிளிபயரும் மட்டும். பிழை அவற்றில்தான் என்று யாரும் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். மாதக்கணக்காக என் நினைப்புச் சுற்றியது அந்த இடத்தில்தான்.

முதலில், “ஓட ஓடச் சரியாகும்” என்றார்கள். ஒரு மாதம் ஓடவிட்டேன். ஒரு மாற்றமும் இல்லை. பிறகு ஒரு கடையில், வயரை மாற்றினால் குரல் இளகும் என்று சொல்லி, விரல் மொத்தத்தில் ஒரு வயரை விற்றார்கள். அதன் விலையை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை. மூன்று மீற்றர் தூரத்துக்குச் சாதாரண 1.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் தாராளமாகப் போதும். அதற்கு மேல் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் வீண் என்பதை இப்போது உறுதியாகச் சொல்கிறேன்.

பிறகு என் காதிலேயே சந்தேகம் வந்தது. காது டொக்டரிடம் போனேன். வயதுக்கேற்றபடி உச்ச ஸ்தாயி கொஞ்சம் மங்கியிருக்கிறது என்றார். மங்கினால் கூர்மையான சத்தம் குறைந்தல்லவா கேட்க வேண்டும், ஏன் கூசுகிறது என்று கேட்டேன். அவர் சொன்ன பதில் எனக்குப் புதிது. வயதான காதுக்கு மெல்லிய சத்தம் எட்டாது. ஆனால் சத்தம் ஒரு அளவைத் தாண்டினால், இளம் காதைப் போலவே, சில வேளை அதைவிடச் சட்டென்று, பொறுக்க முடியாமல் போகும். கேட்கும் எல்லைக்கும் கூசும் எல்லைக்கும் நடுவே உள்ள இடம் சுருங்கிவிடுகிறது. வீட்டில் வயதானவர்கள் “கூட்டு” என்பார்கள், கூட்டினால் “ஏன் கத்த விடுகிறாய்” என்பார்கள். அது பிடிவாதம் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

அன்று அவர் ஒரு பேனா மூடியை எடுத்து அதன் வாயில் ஊதிக் காட்டினார். கீச்சென்றது. ஒரு முனை அடைத்த குழாய்க்கு அதன் நீளத்துக்கேற்ற சுருதி ஒன்று உண்டு. எங்கள் காதுக் குழாயும் அப்படித்தான். வாயில் திறந்து, உள்ளே சவ்வால் அடைத்து, ஏறக்குறைய இரண்டரை சென்ரிமீற்றர் நீளம். அதன் சுருதி 3,000 ஹேர்ட்ஸை அண்டி வருகிறது. அந்தச் சுருதியில் வரும் எதையும் காது தானாகவே பெருக்கிவிடும். அமெரிக்காவில் பிளெச்சர், மன்சன் என்ற இருவர் பலரின் காதுகளைச் சோதித்து 1933 இல் வெளியிட்ட கோடுகளிலும் இது தெரிகிறது. மனிதக் காதின் கூர்மை 3,000 முதல் 4,000 ஹேர்ட்ஸ் வரை உச்சத்தில் இருக்கிறது. குழந்தையின் வீரிட்ட அழுகையின் கூர்மையும் அந்தப் பக்கத்தில்தான். ‘ஸ’ என்ற எழுத்தின் சீறல் அதற்கும் மேலே, 5,000 முதல் 8,000 ஹேர்ட்ஸ் வரை. இந்த வட்டாரத்தில் சத்தம் கொஞ்சம் கூடினாலே முழுப் பாட்டும் கூசும்.

ஆனால் கூடுவது ஏன்? அதற்கு விடை தந்தது ஐப்பசி மழை.

மூன்று நாள் விடாமல் பெய்தது. கடல் காற்றும் சேர்ந்து பல்கனியில் ஒன்றும் காயவில்லை. வேறு வழியில்லாமல் ஹோலுக்குக் குறுக்கே இரண்டு கயிறு கட்டி, ஆறு நூல் சேலையும் இரண்டு பெட்சீற்றும் துவாய்களும் தொங்கப் போட்டேன். வீடு சலவைக்காரர் முற்றம் மாதிரி ஆனது. மறுநாள் விடிய, பழக்க தோஷத்தில் கை போய்ச் சுப்ரபாதத்தை அமத்தியது. ஈரச் சேலைகளுக்கு நடுவில் குனிந்து அடுப்படிக்குப் போனேன். தேத்தண்ணி ஊற்றி முடிக்கும்போதுதான் உறைத்தது, இன்றைக்குக் கூசவில்லை.

கேத்தலை அப்படியே வைத்துவிட்டு ஹோலுக்கு வந்தேன். ‘ஸ’ இருந்தது. ஆனால் கீறவில்லை. குரல் குரலாக இருந்தது. ஈரத்தாலோ என்று ஒரு சந்தேகம். இரண்டு நாளில் எல்லாம் காய்ந்து, மடித்து அலுமாரியில் வைத்ததும் கீறல் திரும்பி வந்தது. காய்ந்த அதே சேலைகளை எடுத்து மறுபடியும் கயிற்றில் போட்டேன். கீறல் போனது. கழற்றினேன், வந்தது. அன்று பின்னேரம் நாலு தடவை இதையே செய்துகொண்டிருந்தேன். முன் வீட்டு அக்கா கதவுக்குள்ளால் எட்டிப் பார்த்து, “என்னம்மா, உடம்புக்குச் சுகமில்லையா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகுதான் நானாவுக்குப் போன் எடுத்தேன். அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. கடையை மகன் எடுத்து, கைத்தொலைபேசிக் கவர் விற்கிறான். மறுநாள் காலை ஒரு துணிப்பையோடு வந்து இறங்கினார். செட்டை அவர் தொடவே இல்லை. ஹோலின் நடுவில் நின்று ஒரே ஒரு தடவை கை தட்டினார்.

‘டப்’ என்று விழ வேண்டிய சத்தம் ‘டிர்ர்ர்ர்’ என்று இழுபட்டது. சிறு பிள்ளைகள் சைக்கிள் சில்லில் மட்டையைச் செருகி ஓடுவார்களே, அது மாதிரி.

“சாமான்ல ஒண்ணுமில்ல தங்கச்சி. ஊட்டத்தான் கொஞ்சம் பாக்கணும்” என்றார்.

என் ஹோல் நாலரை மீற்றர் நீளம், 3.6 மீற்றர் அகலம். தரை முழுக்க டைல்ஸ். பக்கத்துக்கொன்றாக இரண்டு வெறும் சீமெந்துச் சுவர். கடல் பக்கம் தரையிலிருந்து மேலே வரை கண்ணாடிக் கதவு, மெல்லிய நைலோன் திரை. நடுவில் கண்ணாடி மேசை. துடைக்கச் சுகம் என்று ஆசைப்பட்டு எடுத்த வீடு. நேருக்கு நேர் நிற்கும் இரண்டு சுவருக்கு நடுவில் சத்தம் பந்து மாதிரிப் போய் வரும். 3.6 மீற்றர் போய், 3.6 மீற்றர் திரும்ப, எங்கள் வெப்பத்தில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 349 மீற்றர் ஓடும். கணக்குப் போட்டுப் பாருங்கள், செக்கனுக்கு 48 தடவை. அதுதான் அந்த ‘டிர்ர்ர்’. ஒவ்வொரு ‘ஸ’வும் சுவருக்குச் சுவர் இப்படி மோதி, அடுத்த எழுத்தின் மேல் வந்து விழுகிறது.

அறைக்குள் சத்தம் இப்படி அடங்காமல் நீடிப்பதை முதலில் அளந்தவர் வொலஸ் சபின். 1895 அளவில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய விரிவுரை மண்டபம் ஒன்றில் பேசுவது ஒருவருக்கும் விளங்கவில்லை. பேசி முடித்த சொல் அடங்கவே ஐந்தரைச் செக்கன் எடுத்தது. இளம் பௌதிக ஆசிரியரான சபினிடம் அந்த வேலையைக் கொடுத்தார்கள். அவர் இரவில், ஊர் அடங்கிய பிறகு, பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளைத் தூக்கிவந்து இந்த மண்டபத்தில் அடுக்கி, ஒரு ஓகன் குழாயை ஊதி நிறுத்தி, சத்தம் அடங்கும் நேரத்தைக் கடிகாரத்தில் பிடித்தார். விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பி வைத்துவிட வேண்டும். வருடக்கணக்காக இதைச் செய்துதான் அந்தக் கணக்கைக் கண்டுபிடித்தார்: அறையின் கொள்ளளவை, அதற்குள் சத்தத்தை விழுங்கும் பரப்பால் வகுத்து, 0.161 ஆல் பெருக்கினால் சத்தம் அடங்கும் நேரம் வரும். நான் சேலையை வைத்துச் செய்ததை அவர் மெத்தையை வைத்துச் செய்திருக்கிறார் என்று வாசித்தபோது எனக்கு அவர் சொந்தக்காரர் போலத் தோன்றினார்.

என் ஹோலுக்கு அந்தக் கணக்கைப் போட்டேன். மூன்று மீற்றர் உயரம் என்று வைத்தால் 48.6 கன மீற்றர். டைல்ஸ், சீமெந்து, கண்ணாடி எல்லாம் தம்மில் படும் சத்தத்தில் நூற்றுக்கு மூன்று பங்கு அளவில்தான் விழுங்கும். சாமான் ஒன்றும் இல்லாத வெறும் ஹோல் என்றால் மூன்று செக்கனுக்கு மேல் வருகிறது. பாட்டுக் கேட்க அரைச் செக்கன் அளவு வந்தால் சுகம். அதற்கு விழுங்கும் பரப்பு ஏறக்குறைய 16 சதுர மீற்றர் வேண்டும். சோபாவும் நாங்களும் கொஞ்சம் விழுங்குவோம். மிச்சத்தைத்தான் சேலைகள் செய்தன.

அப்படியானால் பழைய செட் ஏன் இதே ஹோலில் கூசவில்லை? அதனிடம் எறிவதற்கு உச்ச ஸ்தாயி இருக்கவில்லை, அவ்வளவுதான். எட்டு அங்குலக் கடதாசிக் கூம்பு ‘ஸ’வின் சீறலை அரைவாசிகூட வெளியே விடாது. கசற் நாடாவிலும் ஓடி ஓடி மேற்பகுதி தேய்ந்துவிட்டது. அதற்கு முன் நாங்கள் கேட்டு வளர்ந்த மத்திய அலை வானொலியில் 5,000 ஹேர்ட்ஸுக்கு மேல் வருவதே அபூர்வம். என் சுவர்களும் டைல்ஸும் முதல் நாளிலிருந்தே இப்படித்தான் இருந்திருக்கின்றன. அவற்றைச் சீண்டும் சத்தம் புது ஸ்பீக்கரோடுதான் வந்தது.

சின்ன வயதில் ஒரு தடவை டொரிங்டன் சதுக்கத்து வானொலி நிலையத்துக்குச் சிறுவர் நிகழ்ச்சியில் பாட்டுப் பாடப் போயிருந்தேன். கனத்த கதவு மூடியதும் நான் பேசியது எனக்கே சிறுத்துக் கேட்டது. வாயை விட்டு வெளியே வந்த சொல்லைச் சுவர் குடித்துவிடுவது போல இருந்தது. பயத்தில் அழப் பார்த்தேன். இலங்கை வானொலி அறிவிப்பாளர்களின் தமிழ் கடல் தாண்டித் தமிழ்நாட்டு வீடுகளிலும் அத்தனை துல்லியமாகக் கேட்டதென்றால், அவர்களின் உச்சரிப்போடு அந்தச் சுவர்களுக்கும் பங்குண்டு. இதற்கு நேர் எதிர், கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயில். சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் கட்டுவித்தது. உள்ளே நாதஸ்வரக்காரர் ஒரு ராகத்தை ஆறுதலாக இழுத்தால் தூணுக்குத் தூண் பட்டு நெஞ்சை நிறைக்கும். அதே இடத்தில் ஒருவர் வேகமாக நாலு வசனம் பேசினால் ஒன்றும் பிடிபடாது. கல்லில் குறையில்லை. நின்று ஒலிக்கும் இசைக்கு அந்த இடம் பொருந்துகிறது, எழுத்துக்கெழுத்து ஓடும் பேச்சுக்குப் பொருந்தாது. என் ஹோல் ஒரு சின்னக் கருங்கல் மண்டபம். அதற்குள் இருந்து ஸ்தோத்திரம் கேட்டால் வேறென்ன ஆகும்?

நானா அத்தோடு விடவில்லை. “இது பெரிய பிழ. சின்னப் பிழையும் இரிக்கும்” என்று துணிப்பையைத் திறந்தார்.

ஸ்பீக்கர்களை நான் கண்ணாடி ஷோகேஸின் மேல் வைத்திருந்தேன். உள்ளே கலியாணத்துக்கு வந்த தேநீர்க் கோப்பைகள். அவர் பாட்டைப் போட்டுவிட்டுக் கையை ஷோகேஸின் கண்ணாடியில் வைத்து அழுத்தினார். ஒரு மெல்லிய ‘ஸ்ர்ர்’ நின்றது. கையை எடுத்தார், திரும்பி வந்தது. நான் இவ்வளவு நாளும் ஸ்பீக்கரின் கரகரப்பென்று நினைத்ததில் ஒரு பங்கு என் சொந்தக் கோப்பைகளின் நடுக்கம்!

பிறகு ஸ்பீக்கரின் பின்பக்கம் பார்த்தார். வலது பக்கத்துக்குக் கறுப்பு முனையில் சிவப்பு வயர். விரல் மொத்த வயரை மாற்றிப் பூட்டிய அன்று நான் செய்த பிழை. சந்தேகமறத் தெரிந்துகொள்ள, வயர்களை அம்பிளிபயரிலிருந்து கழற்றிவிட்டு, டோர்ச் பற்றரி ஒன்றை எடுத்து, அதன் கூட்டல் பக்கத்தைச் சிவப்பு வயரிலும் மற்றதைக் கறுப்பிலும் ஒரு கணம் தொட்டார். இடது ஸ்பீக்கரின் கூம்பு ‘டுப்’ என்று வெளியே தள்ளியது. வலது உள்ளே போனது. இரண்டு பெட்டிகளும் ஒன்று தள்ள மற்றது இழுத்தால், தாழ்ந்த சுருதிகள் ஒன்றையொன்று அழித்துவிடும். மிருதங்கத்தின் தொப்பி போய்விடும், வலந்தலையின் ‘கிண்’ மட்டும் மிஞ்சும். கீழே தாங்க ஆளில்லாவிட்டால் மேலே உள்ளதெல்லாம் கூர்மையாகத்தான் கேட்கும். பற்றரி இல்லாமலும் கண்டுபிடிக்கலாம். வானொலிச் செய்தியைப் போட்டு இரண்டு பெட்டிக்கும் நடுவில் உட்காருங்கள். வாசிப்பவர் உங்களுக்கு நேரே இருப்பது போலக் கேட்டால் வயர் சரி. ஆள் எங்கே என்று தெரியாமல் தலையைச் சுற்றிக் கேட்டால் ஒரு பக்க வயர் மாறியிருக்கிறது.

வயரின் நுனியை அவர் யன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். சில மாதத்திலேயே செம்பு பச்சை பூத்திருந்தது. மரைன் டிரைவிலிருந்து இரண்டாவது கட்டடம் எங்களுடையது. ரயில் போனால் யன்னல் அதிரும், காற்றடித்தால் மேசையில் உப்புப் படியும். உப்புக் காற்று செம்பை விட்டுவைக்காது. பச்சை பூத்த தொடுப்பில் சத்தம் விட்டு விட்டு வரும், கரகரக்கும். அவர் நுனியை வெட்டி, புதிதாய் உரித்து, முறுக்கி, ஈயம் பற்றவைத்து மாட்டினார். கடலோரத்தில் இருப்பவர்கள் வருடத்துக்கொரு முறை எல்லாப் பிளக்கையும் கழற்றித் துடைத்துப் பூட்ட வேண்டும். அதற்கு ஒரு சதமும் செலவில்லை.

கடைசியாக என் போனைக் கேட்டார். பாட்டு அதிலிருந்துதான் போகிறது. உள்ளே சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பகுதியில் உச்ச ஸ்தாயி முழுதாக ஏற்றிக் கிடந்தது. பழைய போனில் பேரன் விளையாடிய வேலையாக இருக்கும், அது புதுப் போனுக்கும் தொற்றி வந்திருக்கிறது. சமமாக்கினோம். இன்னொன்றையும் கவனித்தோம். இணையத்தில் கிடக்கும் பழைய பாட்டுகளில் பல, தேய்ந்த இசைத்தட்டிலிருந்தோ கசற்றிலிருந்தோ எடுத்து, இரைச்சலை வழித்து, ‘தெளிவு’ வரட்டும் என்று மேற்பகுதியை ஊதிப் பெருக்கியவை. ஐம்பதுகளின் சினிமாப் பாட்டு அந்தக் காலத் தியேட்டரின் ஸ்பீக்கருக்காகப் பதிந்தது. படச்சுருளின் ஓரத்தில் ஒளிக்கோடாக ஓடிய அந்த ஒலியில் 8,000 ஹேர்ட்ஸுக்கு மேல் வெட்டித்தான் தியேட்டரில் விடுவார்கள். அங்கே இல்லாததை இங்கே ஊதினால் வருவது இரைச்சல்தான். ஒரே பாட்டின் மூன்று பதிவுகளைப் போட்டுப் பாருங்கள். மூன்றும் மூன்று விதமாக இருக்கும். அதில் ஒன்று மட்டும் குத்தினால் உங்கள் செட் குற்றமற்றது.

வீட்டில் தனியே இருந்து காரணம் தேடுபவர்களுக்கு நானா சொன்ன வழி இது. சத்தத்தைக் கூட்டும்போது மட்டும் கரகரத்தால் அம்பிளிபயருக்கு வலு போதவில்லை, அலையின் தலையை வெட்டுகிறது. அதோடு தொடர்ந்து ஓட்டினால் ஸ்பீக்கரின் மேல் ஸ்தாயிக் குமிழ் எரிந்துபோகும், உடனே குறையுங்கள். குறைத்து வைத்தாலும் குத்தினால் அறையையும் வயரையும் பதிவையும் பாருங்கள். ஒரு பக்கத்தில் மட்டும் கேட்டால், அம்பிளிபயரை நிறுத்திவிட்டு அதன் பின்னால் இடது வலது ஸ்பீக்கர் வயரை மாற்றிப் பூட்டுங்கள். கரகரப்பும் பக்கம் மாறினால் குறை அம்பிளிபயரிலோ அதற்கு முன்னாலோ இருக்கிறது. மாறாமல் அதே பக்கத்தில் நின்றால் அந்த ஸ்பீக்கரில், அதன் வயரில், அல்லது அதன் பக்கத்துச் சுவரில். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது குணமாக்கியது என்று தெரியாது.

அந்த வாரம் மகன் போன் எடுத்தபோது உண்மையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, “அம்மா, நான் அதை என்ர பேஸ்மென்றிலதான் போட்டுக் கேட்டனான். அங்க எப்பிடி இனிமையா இருந்தது தெரியுமா?” என்றான். அவன் வீட்டின் கீழறை எனக்குத் தெரியும். சுவருக்குச் சுவர் கால் புதையும் கார்ப்பெற், பலகைச் சட்டத்தில் அடித்த அட்டைச் சுவர், ஒரு பெரிய சோபா, குளிருடுப்புகள். குளிர் நாட்டு வீடே பாதி மெத்தை. அங்கே இனித்த ஸ்பீக்கர் வெள்ளவத்தைச் சீமெந்துக்குள் வந்து நின்றதும் சுரீரென்றது. அவன் தேர்வில் ஒரு குறையும் இல்லை.

பிறகு நடந்தது வீட்டு வேலை. காலி வீதியில் கனத்த துணி எடுத்து, கண்ணாடிக் கதவின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு தைப்பித்தேன். மடிப்பு மடிப்பாக விழுந்தால்தான் சத்தத்தைக் குடிக்கும், இழுத்துக் கட்டிய துணி குடிக்காது. தரையில் ஒரு மொத்தக் கம்பளம், அடியில் தும்புப் பாய். கண்ணாடி மேசை படுக்கையறைக்குப் போனது. ஒரு பக்கச் சுவரில் அப்பாவின் புத்தக றாக்கையை நிறுத்தி, கட்டுக் கட்டாக இருந்த ‘மல்லிகை’ சஞ்சிகை இதழ்களை ஏற்றத் தாழ்வாக அடுக்கினேன். முட்டை மட்டையைச் சுவரில் ஒட்டச் சொன்னார்கள். ஒட்டவில்லை, அதில் பலன் மிகக் குறைவு, தீயும் சட்டென்று பிடிக்கும். ஸ்பீக்கர்களை இரண்டு மர ஸ்டூலில் வைத்து, என் காதைக் குறிபார்த்து நின்ற முகங்களைச் சற்றே திருப்பி, அவற்றின் நேர்கோடு என் தோளுக்கு வெளியால் போகும்படி விட்டோம். உச்ச ஸ்தாயி டோர்ச் வெளிச்சம் மாதிரி நேரே போவது. விலகி இருந்தால் கூர்மை குறையும். சுவரோடு ஒரு சாண் கிட்டக் கொண்டுவந்ததும் மிருதங்கத்தின் தொப்பிக்கு வயிறு வந்தது. நானா மறுபடியும் நடுவில் நின்று கை தட்டினார். ‘டப்’. அவ்வளவுதான்.

அடுத்த நாள் விடிய, முதல் ரயில் போன பிறகு, சத்தத்தைக் குறைத்துச் சுப்ரபாதம் போட்டேன். கதிரையை நடுவில் போட்டு உட்கார்ந்தேன். அந்தப் பதிவில் எம்.எஸ்ஸோடு மகள் ராதாவும் சேர்ந்து பாடியிருக்கிறார் என்பது எனக்கு எப்போதோ தெரிந்த விடயம். ஆனால் நாற்பது வருடமாக என் காதுக்கு அது ஒரே குரல்தான். அன்று முதன்முறையாக இரண்டாகக் கேட்டது. முன்னால் தாய். அரை அடி பின்னால், தாயின் மூச்சைப் பார்த்துப் பார்த்து, மகள். வரி முடியும் இடங்களில் தாயின் ‘ஸ’ அடங்கி ஒரு இமைப் பொழுதுக்குப் பிறகு மகளின் ‘ஸ’ அடங்குகிறது.

ரொறன்ரோவில் அப்போது முதல் நாள் இரவு. போன் எடுத்தேன். “என்னம்மா, இந்த நேரத்தில?” என்று பதறினான்.

“ஒண்டுமில்லை ராசா. இதைக் கேள்” என்று போனைக் கதிரையில் வைத்தேன்.